துப்பாக்கி விற்பனை: மனுவுக்கு ரசீது வேண்டும்

ஐயா,

சொந்தத் துப்பாக்கியை விற்பதே குற்றம் என்று எங்கள் இடுக்கி ஏலத்தோட்டப் பகுதியில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு முறைப்படி வைத்திருப்பதை, அதற்கான உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்க இடம் தருகிறது. டீலர் லைசென்ஸ் தேவையில்லை. வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் பொறுக்க வேண்டும்.

சிக்கல் அந்த எழுதிக் கொடுப்பதில்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், தோள் வலி தாங்காமல் பழைய இரட்டைக்குழலை விற்கப் போனார். மனுவை வாங்கி மேசையில் போட்டார்களே தவிர, ரசீது தரவில்லை. கொடுத்த தேதிக்கு அத்தாட்சி இல்லாமல் 45 நாளை எங்கிருந்து எண்ணுவது? அவருக்கு உரிமம் வேறு முடியப் போகிறது. உரிமக் காலம் முடிந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியதுதான்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிடலாம். சரி, சுட ஆள் வேண்டுமே! உரிமம் உள்ள இளைஞர் ஒருவர் வாங்கத் தயாராக நிற்கிறார். தேதி முத்திரையிட்ட ரசீது, இந்த விற்பனை நடைமுறையைச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஒன்று தமிழிலும்: மாவட்ட நிர்வாகம் இவ்வளவு செய்தால் போதும்.

– ஏல விவசாயி, வண்டன்மேடு