எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: பின்னக் கணக்கு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் இடைப்பருவத் தேர்வின் கணக்கு விடைத்தாளை இன்று பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விகிதமுறு எண்களில், அதாவது ப்ளஸ், மைனஸ் பின்னங்களில்தான் பலரும் கோட்டை விட்டிருக்கிறார்கள். விதி தெரியாமல் இல்லை. எல்லாம் மனப்பாடம். எந்த விதி எங்கே என்பதில்தான் குழப்பம். 2/3 × 4/5 என்ற கணக்குக்குக் கூட்டல் போல மீச்சிறு பொது மடங்கு (LCM) எடுத்து, 10/15 × 12/15 என்று மாற்றி, பகுதியை (கீழே உள்ள எண்ணை) அப்படியே வைத்து 120/15, அதாவது 8 என்று எழுதிய தாள்கள் உண்டு. ஒன்றைவிடச் சிறிய இரண்டு எண்களைப் பெருக்கினால் எட்டு எப்படி வரும்? விடை 8/15. இரண்டரையை ஒன்றரையால் பெருக்கச் சொன்னால் முழுவை முழுவோடும் அரையை அரையோடும் பெருக்கி இரண்டேகால் என்கிறார்கள். ஒன்றால் பெருக்கினாலே இரண்டரை வருமே! 5/2 × 3/2 = 15/4, மூன்றேமுக்கால்.

வகுத்தலில் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்பது நினைவிருக்கிறது, எதைத் தலைகீழாக்குவது என்பது மறந்துபோகிறது. 3 ÷ 3/4 என்பதற்கு 1/4 என்று எழுதிய ஒரு மாணவனிடம், மூன்று லிட்டர் எண்ணெயை முக்கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் என்று கேட்டேன். உடனே நாலு என்றான். அவன் போட வேண்டிய கணக்கும் அதுதான்.

அடுத்தது குறி. “மைனஸும் மைனஸும் ப்ளஸ்” என்பது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும்தான். அதைக் கூட்டல் கழித்தலுக்கும் இழுத்து வந்து −1/2 − 1/4 = 3/4 என்கிறார்கள். சரியான விடை −3/4. (−1/2) × (−1/4) என்றால்தான் 1/8. ஏன் என்று பிள்ளை கேட்டால் இதை எழுதிக் காட்டுங்கள்: 2 × (−1/2) = −1, 1 × (−1/2) = −1/2, 0 × (−1/2) = 0. ஒவ்வொரு படியிலும் அரை கூடுகிறது. அடுத்து வரும் (−1) × (−1/2) அரையாகத்தான் இருக்க முடியும். கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த விதியைச் சொத்து, கடன் என்ற பெயர்களில் எழுதிவிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பியக் கணித அறிஞர்கள் சிலர் குறை எண்களை (மைனஸ் எண்களை) ஏற்கத் தயங்கினார்கள். நம் பிள்ளைகள் தடுமாறுவதில் அதிசயமில்லை.

வீட்டில் நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டாம். பேனாவை எடுக்கும் முன் “விடை பெரிசா வருமா, சின்னதா வருமா? ப்ளஸ்ஸா, மைனஸா?” என்று மட்டும் கேளுங்கள். அரைக்கால் (1/8), வீசம் (1/16) என்று கணக்குச் சொல்லும் தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. காலில் பாதி அரைக்கால் என்பதும் பின்னப் பெருக்கல்தானே. டியூஷனுக்கு அனுப்புபவர்கள் இந்தக் கடிதத்தை அங்கேயும் காட்டுங்கள்.

அடுத்த வாரம் முதல் புதன், வெள்ளி மாலை 4.15 முதல் 5 மணி வரை நானே இந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துகிறேன். ஐந்து மணிக்கு அழைத்துப்போக யாராவது வாருங்கள். விடைத்தாளில் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்