பத்தாண்டு என்பது ஒன்பதரை ஆண்டுதான்

ஆசிரியருக்கு,

பாஸ்போர்ட் காலாவதியானதால் பயணத்தைக் கைவிட்டவர்கள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். அட்டைக்குள் அச்சிட்டிருக்கும் தேதி வரை பாஸ்போர்ட் செல்லும் என்றே பலரும் நம்புகிறோம். ஆனால், நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களாவது அது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன பல நாடுகள். பத்தாண்டு பாஸ்போர்ட் அங்கெல்லாம் ஒன்பதரை ஆண்டுக்குத்தான் உதவும்.

என் தாயாரின் பாஸ்போர்ட்டில் இன்னும் 4 மாதங்கள் இருந்தன. விமான நிலையத்தில் பணியாளர் அந்தத் தேதியின்மேல் விரலை வைத்துக் காட்டியபோதுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. பேரனின் பிறந்தநாளுக்காகக் கட்டிய பெட்டியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அம்மா அதை இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் 5 ஆண்டுகளுக்கே தரப்படுவதால், பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்திலேயே நம் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள். காலாவதிக்கு ஓராண்டு முன்பும், மீண்டும் 8 மாதங்கள் முன்பும் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். ‘6 மாத’ விதியைக் காலாவதித் தேதியின் கீழேயே அச்சிடவும் வேண்டும்.