1983 என்று விற்று 2010-ஐ அனுப்பியது தொடர்பாக

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர் (பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன),
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
பழைய விளையாட்டுப் பொருள் விற்பனைப் பிரிவு, கோயம்புத்தூர்.

ஐயா / அம்மா,

சென்ற மாதம் உங்களிடம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரெட் பாக்ஸ், 1983, ஒரிஜினல்’ என்று போட்டிருந்த பெட்டியை 11,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டம் அது. வந்து சேர்ந்தது 2010-இல் வெளியான ஸ்டார்ட்டர் பெட்டி. பணத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். ஆனால் உங்கள் ஊழியர் போனில் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

“ரெண்டும் ஒரே படம்தானே சார்? இது இன்னும் புதுசு” என்றார்.

படம் ஒன்றுதான், மறுக்கவில்லை. வாள் ஓங்கிய வீரன், எதிரே வாய் பிளந்த சிவப்பு டிராகன்: லாரி எல்மோர் 1983 பெட்டிக்கு வரைந்த ஓவியம். அந்தப் பழைய நினைப்பில் ஆட்கள் வாங்குவார்கள் என்றுதான் 2010-இல் அதே ஓவியத்தைத் திரும்பவும் அட்டையில் போட்டார்கள். அது அவர்கள் வியாபாரம். ஆனால் பழைய பெட்டியில், அப்போது ஆட்டத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் முத்திரை இருக்கும். அந்த நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 1997-இல் வாங்கிவிட்டது. எனக்கு வந்த பெட்டியில் இருப்பது வாங்கியவர்களின் முத்திரை. உங்கள் விளம்பரப் படத்தில் சரியாக அந்த மூலையில் ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உள்ளேயும் பார்த்துவிட்டேன். 1983 பெட்டி என்றால் ஆட்டக்காரர் புத்தகம் 64 பக்கம், டஞ்சன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) புத்தகம் 48 பக்கம், ஆறு பகடை, ஒரு கிரேயான். இதில் அட்டை வில்லைகள், சீட்டுகள், கட்டம் போட்ட வரைபடம் எல்லாம் இருக்கின்றன. கிரேயான் இல்லை.

கிரேயான் எதற்கு என்று உங்கள் ஊழியர் சிரித்தார். அந்தக் காலத்துப் பகடையில் எண்கள் வெறும் குழியாகத்தான் இருக்கும், மை ஏற்றியிருக்காது. கிரேயானை அழுத்தித் தேய்த்துத் துணியால் துடைத்தால்தான் எண் கண்ணுக்குத் தெரியும். சின்ன வயதில் எங்களிடம் இருந்த 1983 பெட்டியின் கிரேயான் சீக்கிரமே கரைந்துவிட்டது. அப்புறம் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் குழியில் பூசினோம். 20 பக்கப் பகடைக்குச் சுண்ணாம்பு அருமையாக நிற்கும். பாட்டியிடம் வாங்கிய திட்டு தனி.

அந்தப் பெட்டி கப்பலில் வேலை பார்த்த மாமா 1985-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. எனக்கு 12 வயது. நாங்கள் நான்கு பேர், இரண்டு பேர் தமிழ் மீடியம், இரண்டு பேர் மலையாளம். புத்தகம் இங்கிலீஷ், சண்டை தமிழில், ஏமாற்றினால் வசவு மலையாளத்தில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தோம். ஆட்டக்காரர் புத்தகத்தின் தொடக்கத்திலேயே தனியாக ஆடிப் பழக ஒரு கதை வரும். அதில் அலீனா என்ற பெண் நமக்குத் துணையாக வருவாள். நாம் ஆளைப் பழகி முடிப்பதற்குள் பார்கிள் என்ற மந்திரவாதி கையால் செத்துப்போவாள். அன்று சாயங்காலம் நாலு பேரும் பேசாமல் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது பீரோவில் இருந்த இரண்டு கிராஃப் நோட்டுகள். நாங்களே வரைந்த சுரங்கங்கள், அதில் குடியிருக்கும் பூதங்களின் கணக்கு. இப்போது என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் அதை ஆடிக்காட்ட வேண்டும் என்றுதான் பெட்டியைத் தேடினேன்.

‘புதுசு, நல்லது’ என்ற பேச்சு இங்கேதான் உதவாமல் போகிறது. ஒருவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கவச எண் காட்டும். 1983 விதிப்படி அது குறையக் குறையப் பலம். 9 என்றால் வெறும் உடம்பு, 2 என்றால் தகட்டுக் கவசமும் கேடயமும். 2010 பெட்டியில் எண் கூடக் கூடத்தான் பலம். என் நோட்டில் யாராலும் நெருங்க முடியாத காவலன் ஒருவன் இருக்கிறான். உங்கள் பெட்டியை வைத்து ஆடினால் கோழிக்குஞ்சு கூட அவனைக் கொத்திவிடும். பழையதில் எல்ஃப் (கதைகளில் வரும் ஒரு மாய இனம்) என்பதே, வீரன், மந்திரவாதி போல ஒரு தொழில் மாதிரி. புதியதில் இனம் வேறு, தொழில் வேறு. இரண்டையும் சேர்த்து ஆட வழியே கிடையாது.

சேகரிப்பவர்கள் எந்த அச்சு, எந்த ஆண்டு என்று துருவுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். 1974-இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வந்தபோது அச்சிட்டது 1000 பெட்டிகள்தான். அந்தத் தொடக்க அச்சுகளில் குள்ள மனிதர்களைக் குறிக்க ‘ஹாபிட்’ என்று இருந்த சொல், அதை உருவாக்கிய எழுத்தாளர் டோல்கீனின் கதைகளுக்கான உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததால் பிந்தைய அச்சுகளில் ‘ஹாஃப்லிங்’ ஆனது. பெயர் ஒன்றானாலும் உள்ளே எழுத்தே மாறியிருக்கும். மறுபதிப்பின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அந்த 1974 புத்தகங்களையே 2013-இல் மரப்பெட்டியில் போட்டு மறுபடி விற்றார்கள், மறுபதிப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். நீங்களும் 2010 என்று எழுதியிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

ஈடாக நீங்கள் கொடுத்த பத்து சதவீத கூப்பன் எனக்கு வேண்டாம். ‘பழைய பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்ற உங்கள் வரியும் செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காடு எனக்குப் பக்கம், உங்களுக்குத்தான் எல்லை தாண்டி வர வேண்டியிருக்கும்.

எனவே 11,500 ரூபாயையும் அனுப்பும் செலவு 240 ரூபாயையும் வந்த கணக்கிலேயே திருப்பிப் போடவும். பெட்டியை எடுத்துப்போக ஆளும் அனுப்பவும். கூரியர் வேண்டுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து இங்கே பஸ்ஸில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் பார்சல் எர்ணாகுளம் போய்ச் சுற்றிவர ஆறு நாள் ஆனது.

அதோடு அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, விலைச் சீட்டு ஒட்டிய அதே படத்தோடு. நேற்று இரவு கூடப் பார்த்தேன். அதை எடுத்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: உண்மையான 1983 பெட்டி கைக்கு வந்தால், முத்திரை தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். கிரேயான் தீர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.