முதிய பெண்களின் கருத்துக்குச் செய்தியில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தையொட்டித் தங்கள் இதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். ஓய்வூதியம், சொத்துப் பாதுகாப்பு, மருத்துவச் செலவு ஆகியவை குறித்த கட்டுரைகள் பயனுள்ளவை. ஆனால் அவற்றில் பெயரோடும் பொறுப்போடும் கருத்துச் சொல்லியிருந்த அனைவரும் ஆண்கள். பெண்கள் படங்களில் மட்டுமே இருந்தார்கள். முதியோர் இல்லத் திண்ணையில் பெயரில்லாமல் அமர்ந்திருந்தார்கள். இது தங்கள் இதழின் குறை மட்டுமன்று. தமிழ் ஊடகம் முழுவதிலும் வேரூன்றிய வழக்கம் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அறுபது வயதைக் கடந்த பெண் நம் செய்திகளில் எப்போது வருகிறார் என்று பாருங்கள். சங்கிலியைப் பறிகொடுத்தவராக வருகிறார், பிள்ளைகளால் கைவிடப்பட்டவராக வருகிறார், மழையில் வீடு இடிந்தவராக வருகிறார். நெடுந்தொடர்களில் சூழ்ச்சி செய்யும் மாமியார், விளம்பரங்களில் மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொள்ளும் பாட்டி. அதே வயது ஆணோ ஓய்வுபெற்ற நீதிபதியாக, முன்னாள் துணைவேந்தராக, மூத்த அரசியல்வாதியாக விவாத மேடையில் அமர்ந்து நாட்டு நடப்பை விளக்குகிறார். வயது அவருக்கு அனுபவமாகக் கணக்கிடப்படுகிறது. பெண்ணுக்கு அது இரக்கத்தை மட்டுமே பெற்றுத் தருகிறது.

விருது பெற்று நாடறிந்த பெண்களுக்குக்கூட இதுவே நேர்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள், நூறு வயதைக் கடந்தும் இயற்கை வேளாண்மை செய்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். உள்ளாட்சிப் பொறுப்புகளும் வகித்தவர். 2024 செப்டம்பரில் அவர் மறையும் வரை நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவை அவருடைய வயதையும் உணவுப் பழக்கத்தையுமே வியந்தன. மண்ணைப் பற்றியும் ஊராட்சி நிர்வாகத்தைப் பற்றியும் அவர் என்ன நினைத்தார் என்று அறிய விரும்பிய வாசகர்கள் இல்லாமலா போயிருப்பார்கள்? மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமராக இருந்த வாஜ்பாய் விருது மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கிய படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயலில் கூலி வேலை செய்த பெண்களைத் திரட்டியவர், களஞ்சியம் இயக்கத்தின் வழியே அவர்களைச் சேமிக்க வைத்துக் கந்துவட்டியிலிருந்து மீட்டவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும் அந்தப் பழைய காட்சியே முன்னால் வந்து நின்றது. சிறுகடன் நிறுவனங்களின் வசூல் முறை குறித்து விவாதம் நடக்கும்போது கருத்துக் கேட்கத் தகுந்தவர்கள் இவரைப் போன்ற பெண்களே அல்லவா?

நூறு நாள் வேலை பற்றிய செய்திகள் என்னை இன்னும் வருத்தியிருக்கின்றன. தமிழகத்தில் அத்திட்டத்தில் பதிவான வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. அவர்களுள் கணிசமானோர் முதியவர்கள். ஆயினும் கூலி நிலுவையைப் பற்றியும் திட்டத்தின் பயனைப் பற்றியும் தொலைக்காட்சியில் பேசக் கட்சிப் பேச்சாளர்களும் பொருளாதார அறிஞர்களும் அழைக்கப்பட்டார்களே தவிர, மண்வெட்டி பிடித்தவர்கள் அழைக்கப்படவில்லை. மரநிழலில் அவர்கள் இளைப்பாறும் படம் மட்டும் 'வேலை செய்யாமல் கூலி வாங்குகிறார்கள்' என்ற குற்றச்சாட்டுக்குத் துணையாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. ஏரி வாய்க்கால் எவ்வளவு தூர்ந்திருந்தது, எத்தனை வாரக் கூலி வரவில்லை என்பதை அந்தப் பெண்களைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

இது தமிழகத்தின் தனிக்குறை அன்று. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் ஆய்வின்படி, செய்திகளில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்களின் பங்கு 1995-இல் 17 விழுக்காடாக இருந்து, 2020-இல் 25 விழுக்காட்டை மட்டுமே எட்டியது. இங்கிலாந்தில் பிபிசியின் கிராமப்புற நிகழ்ச்சி ஒன்று முக்கிய நேரத்துக்கு மாற்றப்பட்டபோது, ஐம்பது வயதைக் கடந்த தொகுப்பாளர் மிரியம் ஓ'ரைலி நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், வயதின் காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டது என்று 2011 ஜனவரியில் தொழில் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. நம் தொலைக்காட்சிகளில் ஆண் செய்தியாளர்கள் நரைத்த தலையோடு தொடர்கிறார்கள். நரைத்த தலையோடு செய்தி வாசிக்கும் பெண் ஒருவரைக் காண்பதே அரிதாக இருக்கிறது.

விளம்பரத் துறையில் ஓரளவு விதிமுறை உண்டு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2022 ஜூனில் பாலினம் சார்ந்த தீங்கான சித்திரிப்புகளைத் தவிர்க்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. அவை விளம்பரங்களுக்கு மட்டுமே உரியவை. செய்தியில் யாருடைய கருத்தைக் கேட்பது என்பதை ஆசிரியர் குழுதான் தீர்மானிக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். கட்டணமில்லாப் பேருந்து, நியாயவிலைக் கடை, நிலத்தடி நீர், கூலி ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது, அவற்றோடு வாழ்நாளெல்லாம் புழங்கிய முதிய பெண்களில் ஒருவரையாவது பெயரும் தொழிலும் குறிப்பிட்டுப் பேசவைக்க வேண்டும். முதிய பெண்ணின் படத்தை வெளியிடும்போது, அவருடைய ஒப்புதலோடு அவர் யார் என்று படத்தின் கீழ் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு முதியோர் தினச் சிறப்புப் பக்கங்களுக்கான கட்டுரையாளர்களை முடிவுசெய்யும் கூட்டத்தில் இக்கடிதத்தையும் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்