கருத்துக்கணிப்பில் தேதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் கருத்துக்கணிப்பை வெளியிடும்போது, எந்தத் தேதிகளில் மக்களிடம் கேட்டார்கள் என்பதையும் தலைப்புக்கு அடியிலேயே அச்சிட வேண்டுகிறேன். கட்சியின் செல்வாக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

2003 டிசம்பரில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரை வென்ற சூட்டோடு வாஜ்பாய் அரசு மக்களவைத் தேர்தலை முன்கூட்டியே கொண்டுவந்தது. அப்போது வந்த கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கே வெற்றி என்றன. 2004 மே 13-இல் எண்ணியபோது பா.ஜ.க. 138, காங்கிரஸ் 145. தமிழகத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. அணி அள்ளியது. அந்த அணி முழுதாக உருவாகும் முன்பு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து எப்படி முடிவு சொல்ல முடியும்?

ஆந்திரத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. திருப்பதி அருகே அலிபிரியில் நடந்த குண்டுத் தாக்குதலில் உயிர் தப்பிய அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடு, 2003 நவம்பரிலேயே சட்டமன்றத்தைக் கலைத்தார். வாக்குப்பதிவோ அடுத்த ஆண்டு ஏப்ரலில். அதற்குள் அனுதாபம் வடிந்து, வறட்சியும் விவசாயிகளின் கடனும் முன்னுக்கு வந்துவிட்டன. 294 இடங்களில் அவரது தெலுங்கு தேசம் கட்சிக்குக் கிடைத்தவை 47.

முன்கூட்டிய தேர்தல் எப்போதும் தோற்கும் என்று சொல்லவில்லை. 2018-இல் தெலங்கானாவில் சந்திரசேகர ராவ் 119-இல் 88 வென்றார். ஆனால் தேதியும் கூட்டணி நிலவரமும் இல்லாத சதவீதங்களை முதல் பக்கத்தில் போடாதீர்கள்.

- ஒரு வாசகர், திருச்சி