இரண்டு வாரம் விடுபட்ட கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் படித்தேன். சரித்திர நாவல்கள் ராஜா ராணிக் காதலைக் காட்டி ஆளை மயக்குகின்றன, படிப்பவர்கள் கற்பனையை எல்லாம் வரலாறு என்று நம்பிவிடுகிறார்கள், பிள்ளைகள் கையில் அவற்றைக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். கோபமாக எழுதியிருந்தாலும் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஐம்பது வருடமாக இந்தக் கதைகளைப் படித்துச் சந்தோஷப்பட்டவள் என்ற முறையில் அவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடைசியில் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

என் அப்பா கும்பகோணத்தில் பைண்டிங் கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டுத் திண்ணைதான். பள்ளிக்கூட நோட்டு, மளிகைக்கடைப் பேரேடு, கோயில் கணக்கு எல்லாம் வரும். ஆனால் கோடை விடுமுறையில் அதிகம் வருவது தொடர்கதைகள். வாரப் பத்திரிகையில் வருகிற தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைத்து, முடிந்ததும் பைண்டு செய்துகொள்வது அப்போது பல வீடுகளில் வழக்கம். ஒரு பக்கத்தில் கதை இருக்கும், பின்பக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கும் சோப்பு விளம்பரமும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே தைப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொடரின் பக்கங்களில் இருப்பது பத்திரிகையின் பக்க எண். ஒரு வாரம் 21 என்று தொடங்கும், அடுத்த வாரம் 17 என்று தொடங்கும். எண்ணைப் பார்த்து அடுக்க முடியாது. அத்தியாயத் தலைப்பைப் படித்து, கதை தொடர்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்க வேண்டும். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால் அந்த வேலை என்னுடையது. "பாப்பா, அடுக்கிக் குடு, பசை ஆறுது" என்பார். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி வராது, ஆனால் விரலை வாயில் வைத்துவிடக் கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாத பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

1974 கோடையில் தமிழாசிரியர் ஒருவர் இரண்டு தகரப் பெட்டிகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடிய அந்த முதல் தொடரை அவருடைய அம்மா ஒவ்வொரு வாரமும் எடுத்து வைத்திருக்கிறார். மணியம் வரைந்த படங்களோடு அப்படியே இருந்தது. காகிதம் பழுத்து, பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்து அடித்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஐந்து பாகம், 293 அத்தியாயம். அடுக்கி முடிக்க ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியும், அடுக்குவதற்கு அவ்வளவு நாள் ஆகாது என்று. ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும் "இன்னைக்கு எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார். நான் அன்றைக்குப் படித்ததைச் சொல்வேன். ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் காட்சியை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு, என்று கதையில் வரும் எண்ணிக்கை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கும்பகோணத்துப் பெண்ணுக்கு அந்தக் கதை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோழ இளவரசி குந்தவையும் வந்தியத்தேவனும் முதலில் பார்த்துக்கொள்வது குடந்தை ஜோதிடர் வீட்டில். அது எங்கள் ஊர்! அப்புறம் அவன் உயிரில்லாத முதலை மேல் வேலை எறிந்துவிட்டு அசடு வழிவது அரிசிலாற்றங்கரையில். நாங்கள் தினமும் தாண்டிப் போகிற அரசலாறு அது. பழையாறை என்ற தலைநகரம் எங்கேயோ இருந்து அழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்தார். "பட்டீஸ்வரம் பஸ்ஸுல ஏறினா ஆறு, ஏழு கிலோமீட்டர்தான்" என்றார். அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போனார். ஆரியப்படைவீடு, புதுப்படைவீடு, பம்பப்படைவீடு, மணப்படைவீடு. சோழர் படைகள் தங்கியிருந்த இடங்கள் இன்னமும் ஊர்ப் பெயராகவே இருக்கின்றன. ஓர் ஊருக்குப் பெயரே சோழன்மாளிகை. நாங்கள் போனபோது அங்கே ஒரு அம்மா வைக்கோல் உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மாளிகை எங்கே இருந்தது?" என்று கேட்டேன். அவர் வயலைக் காட்டி, "இதெல்லாந்தான்" என்றார். அந்த ஒரு கைவீச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

கடிதம் எழுதிய வாசகர் இந்த மாதிரி மயக்கத்தைத்தான் சொல்கிறார். சரி, மயங்கினேன். அந்த மயக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் கேளுங்கள்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் நடுக்கடலில் சுழிக்காற்று அடிக்கிறது. வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொண்டிருக்கும் கப்பலில் தீப்பிடிக்கிறது. அவனைக் காப்பாற்ற குந்தவையின் தம்பி, பின்னாளில் ராஜராஜன் ஆகிற இளவரசர் அருள்மொழிவர்மர் போகிறார். தாளைத் திருப்பினால் மூன்றாம் பாகம்! நடுவே 'உடைந்த படகு', 'அபய கீதம்' என்று இரண்டு அத்தியாயங்கள் இருக்க வேண்டும். இல்லை. தமிழாசிரியரிடம் கேட்டோம். அந்த இரண்டு வாரம் அவருடைய அம்மாவுக்குப் பிரசவம் என்றும் பத்திரிகை வாங்க ஆள் இல்லை என்றும் சொன்னார்.

நான் அழுதேவிட்டேன். மேலே படித்தால் இருவரும் படகோட்டும் பெண் பூங்குழலியின் படகில் கோடிக்கரை வந்து சேர்கிறார்கள். பிழைத்தது தெரிகிறது. எப்படிப் பிழைத்தார்கள் என்பது தெரியவில்லை. அத்தனை பெரிய கடலில், இருட்டில், ஒற்றைப் பெண் அவர்களை எப்படிக் கண்டுபிடித்தாள்? ஒரு வாரம் அதே நினைப்பாக இருந்தேன். கடைசியில் நானே ஒரு கதை கட்டினேன். பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் தீ எரிவதைப் பார்க்கிறாள். அத்தையிடம் கூடச் சொல்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அப்பாவிடம் சொன்னேன். "தீ தெரிஞ்சிருக்கும், சரி. திரும்பி வர வழி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நட்சத்திரம் பார்த்து வந்தாள் என்றேன். மறுநாள் மாற்றி, கரையில் யாரோ பந்தம் பிடித்தார்கள் என்றேன். இரண்டு வருடம் கழித்து நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. அசல் கதையில் அவள் அப்போது கரையிலேயே இல்லை, ஏற்கனவே கடலில்தான் இருக்கிறாள். என் கதை தப்பு. ஆனால் அதைக் கட்டுவதற்காக நான் காற்றையும் தூரத்தையும் இருட்டையும் யோசித்த யோசனை வீணாகவில்லை.

அந்த நாவல் எழுதப்பட்ட விதமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பிறகு புரிந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். இது வரலாறு. கொன்றவர்களின் பெயரும் கிடைக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயரைச் சொல்கிறது. அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிலத்தை இழந்த செய்தி அதில் வருகிறது. எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று அந்தக் கல் சொல்வதில்லை. நடுவில் இரண்டு வாரம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில்தான் கல்கி பழிவாங்கத் துடிக்கிற நந்தினியை உண்டாக்கினார், கரிகாலன் சாகிற கடம்பூர் மாளிகையின் இருட்டை உண்டாக்கினார்.

அந்தக் கல்வெட்டைப் பார்க்க நான் போனது 1991-ல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி முடித்து, குளித்துவிட்டு, நேரே பஸ் ஏறினேன். எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர் இடத்தைக் காட்டினார். பக்கத்தில் நின்று, தொடாமல், விரலை மட்டும் எழுத்துக்கு நேராக வைத்துக்கொண்டே போனேன். ரவிதாசன் என்ற மந்திரவாதியைப் பன்னிரண்டு வயதில் பார்த்துப் பயந்தவள் நான். அந்தப் பெயர் ஆயிரம் வருடமாக இந்தச் சுவரில் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு ஊருக்குத் திரும்பியதும் சோழர் வரலாற்றுப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் வந்த ராஜராஜன் என்னை எந்த நூலகத்துக்கும் அனுப்பவில்லை. இந்த நாவல்தான் அனுப்பியது. அப்படிப் படித்துத்தான் நந்தினிக்கோ பூங்குழலிக்கோ வரலாற்றில் சாட்சி இல்லை என்று தெரிந்துகொண்டேன். வல்லவரையர் வந்தியத்தேவர் நிஜம் என்றும் குந்தவையின் கணவர் என்றும் தஞ்சைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது என்றும் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு நந்தினி எனக்குக் குறைந்து போய்விடவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு வரி இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்லும்போது ராஜராஜன், "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்கிறான். தன்னைச் சொன்ன கையோடு அக்காவைச் சொல்கிறான். மனைவிமார் அதற்கு அப்புறம்தான். நாவலில் அக்கா குந்தவையும் தம்பி அருள்மொழியும் பேசிக்கொள்கிற இடங்களைப் படித்தபோது, ஒரு ராஜா அக்காவுக்கு இத்தனை இடம் கொடுத்திருப்பானா என்று எனக்கு ஐயம் இருந்தது. அந்த "அக்கன்" என்ற ஒரு சொல்லில் அது தீர்ந்தது. எனக்கும் ஒரே தம்பி. அப்பாவின் கடையை அவன்தான் பத்து வருடம் நடத்தினான். அந்த வரியை முதலில் அவனிடம்தான் போனில் படித்துக் காட்டினேன்.

வாசகர் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். சரித்திர நாவல் என்ற பெயரில் வந்ததெல்லாம் ஒரே தரம் இல்லை. கதாநாயகியின் இடையை வருணித்தே மூன்று பக்கம் ஓட்டிய கதைகளை எனக்குப் பிடிக்காது. அந்த இடங்களைத் தாண்டித்தான் படித்தேன். எந்த வாள்வீச்சிலும் நம் அரசனுக்கே வெற்றி, எதிரி நாட்டான் எல்லாரும் கோழை என்று எழுதுவதும் பிடிக்காது. அந்தப் புத்தகங்கள் பாதியில் நின்றவை நின்றவைதான். ஆனால் நல்ல கதையில் ராஜா ராணி மட்டுமா வருகிறார்கள்? படகோட்டும் பெண், ஜோதிடர், வைத்தியர் மகன், பல்லக்குத் தூக்கி, சண்டை வளர்க்கிற திருமலையப்பன் என்று ஒரு ஊரே வருகிறது. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ராத்திரி டியூட்டி பார்ப்போம். இரண்டு மணிக்கு மேல் டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, குறைந்துவிடும். ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்போம். அதில் யாருமே குந்தவையாக இருக்க ஆசைப்பட்டதில்லை. எல்லாருக்கும் பூங்குழலியாக வேண்டும். தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு சினிமாவுக்குத் தனியாகப் போகக்கூட வீட்டில் அனுமதி இல்லை.

பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கொடுங்கள், கூடவே உட்காருங்கள் என்பதுதான். என் பேத்தி "இது நிஜமா, பாட்டி?" என்று ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை இருவரும் சேர்ந்து தேடுகிறோம்.

இனி என் வேண்டுகோள். தமிழாசிரியரின் குடும்பத்தார் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது அந்த ஐந்து பைண்டு புத்தகங்களையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். காலிகோ துணி முதுகில் நைந்திருக்கிறது, அப்பா போட்ட தையல் ஒன்றுகூட விடவில்லை. இரண்டாம் பாகத்தின் கடைசியில், விடுபட்ட தாள்களுக்குக் கணக்காக, விரல் அகலத்துக்கு வெற்றுத்தாள் பட்டைகளை வைத்துத் தைத்திருக்கிறார். "என்னிக்காவது கெடைச்சா இதுல ஒட்டிக்கலாம் பாப்பா" என்று சொல்லித்தான் வைத்தார். அந்தப் பட்டைகள் இன்னும் காலியாகவே இருக்கின்றன. கதை எனக்கு மனப்பாடம், அச்சுப் புத்தகமும் வீட்டில் இருக்கிறது. எனக்கு வேண்டியது மணியம் படத்தோடு அந்த முதல் தொடரின் தாள்கள்.

வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கல்கி இதழ்களோ பைண்டு செய்யாத தாள்களோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். 'உடைந்த படகு', 'அபய கீதம்' என்ற தலைப்புகள் இருந்தால் இந்த நாளிதழ் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவியுங்கள். என் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தாளைக் கொடுக்க மனமில்லாவிட்டால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். உங்களுடைய தொகுப்பு நைந்திருந்தால் நானே தைத்தும் தருவேன். மயில்துத்தம் இன்னும் கடையில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்