சக்கரத்தில் எல்லாம் இரண்டு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள், பெரியவன் இன்னும் எதையும் முடிக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. சம்பிரதாயம் இத்தோடு போதும். கடிதத்துக்குள் நீ மடித்து வைத்திருந்த அந்த லைஃப் கோச்சின் வழவழப்பு விளம்பரத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது.

'தொண்ணூறே நாளில் புதிய நீங்கள்!' பழைய உன்னையே எங்களால் சமாளிக்க முடியவில்லை, இதில் புதுசு வேறயா? அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். இந்த லைஃப் கோச்சுகள் எல்லோரும் ஏன் கையைக் கட்டிக்கொண்டே படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

'கோச்சிடம் போகவா, தெரபிஸ்டிடம் போகவா, நீதான் ரெண்டையும் பார்த்தவனாச்சே' என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். கோச் என்றால் இலக்கை எட்ட வழி தேட உதவுகிறவர், தெரபிஸ்ட் என்றால் பேச்சு மூலமாக மனக்கஷ்டத்துக்குச் சிகிச்சை தருகிறவர். பதில் ஒரு வரியில் அடங்காது. பொறுத்துக்கொள்.

முதலில் கோச் கட்சிக்கு வாதாடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதனால் பலன் கிடைத்தது. வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கப் போகிறேன் என்று நான் வாயாலேயே பந்தல் போட்டுக்கொண்டிருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நீயே காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாய். அப்போது நான் பார்த்த கோச் அம்மா ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. வெறும் கேள்விதான். 'என்ன வேண்டும்? இப்போது எங்கே நிற்கிறீர்கள்? என்னென்ன வழி இருக்கிறது? இந்த வாரம் இதில் எதைச் செய்வீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?' இதற்கு 'குரோ' முறை என்று பெயராம். ஜான் விட்மோர் என்று ஒருவர், முன்னாள் கார் பந்தயக்காரர், 1992-இல் புத்தகம் போட்டு அலுவலகங்களில் பரப்பியது. மூன்றாம் தடவை செய்யாமல் போய் நின்றபோது அந்த அம்மா திட்டவில்லை. 'இது உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா?' என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே ராஜினாமாவை எழுதினேன்.

ஆனால் கவனி. அப்போது எனக்குத் தூக்கம் வந்தது, பசித்தது, உன் மொக்கை ஜோக்குக்குச் சிரிப்பும் வந்தது. ஓடத் தெம்பு இருந்தது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. அந்த நிலைக்குக் கோச் சரி.

அப்பா போன பிறகு நடந்தது வேறு. விடியற்காலையில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவேன். அந்த நேரத்தில் ஒருவர் வந்து 'உங்கள் ஐந்தாண்டு இலக்கு என்ன?' என்று கேட்டிருந்தால் அவரையும் இலக்கையும் சேர்த்து ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். தெரபிஸ்ட் ஒரு தாளைக் கொடுத்தார். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எவ்வளவு பயம், அதற்கு என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் என்ன என்று கட்டங்கள். 'வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை' என்று முதல் கட்டத்தில் எழுதினேன். 'தொழில் முடிந்தது, அப்பா பார்க்காமல் போனதே நல்லது' என்று அடுத்ததில் என் கையே எழுதியது. எழுதிவிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது, ஒரு போனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் எவ்வளவு தூரம் தாவியிருக்கிறேன் என்று. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்துத் திருத்தும் சிகிச்சை முறை இது. ஏதோ கவிதை மாதிரி ஒன்றும் இல்லை, வீட்டுப்பாடம்தான். வாரா வாரம் செய்யவேண்டும்.

உன் கணக்குப் புத்திக்கு இன்னொன்று. பெரும்பாலான நாடுகளில் 'லைஃப் கோச்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். உரிமம் கிடையாது, தடுக்கச் சட்டம் கிடையாது. 1995-இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப், சான்றிதழ் தருகிறது. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள். நல்ல கோச்சுகள் அதை வாங்கி வைத்திருப்பார்கள், தங்கள் எல்லைக்கு மேல் போனால் 'நீங்கள் தெரபிஸ்டைப் பாருங்கள்' என்று அவர்களே அனுப்பியும் விடுவார்கள். தெரபிஸ்ட் பக்கம் வருடக் கணக்கில் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, பல நாடுகளில் பதிவு. அங்கேயும் பலகையை மட்டும் நம்பிவிடாதே, பதிவு எண்ணைக் கேள். உன் தாளில் ஐசிஎஃப் இல்லை, படிப்பு இல்லை, கட்டிய கை மட்டும்தான் இருக்கிறது.

தாளின் பின்பக்கத்துக்கு வருகிறேன். 'வாழ்க்கைச் சக்கரம்' என்று வட்டம் போட்டு எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். நீ பென்சிலால் நிரப்பியிருக்கிறாய். வேலை இரண்டு. குடும்பம் இரண்டு. உடம்பு இரண்டு. நண்பர்களும் இரண்டு, அதற்காக உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் முதலில் ஒன்று போட்டு, அழித்து, பூஜ்யம் போட்டிருக்கிறாய். விடுதியில் கேரம் போர்டு போட இடம் வேண்டும் என்று தூங்குகிறவனைக் கட்டிலோடு தூக்கி வராந்தாவில் வைத்தவன் நீ. அந்தப் பூஜ்யத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, செய்தித்தாளில் ஒரே பத்தியை நாலு தரம் படிக்கிறேன், எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன். இதைக் 'கட்டுப்பாடு போதவில்லை' என்று நீயே பெயர் வைத்துக்கொண்டு, கட்டுப்பாடு கற்றுத்தர ஆள் தேடுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க மருத்துவர்கள் பிஎச்கியூ-9 என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். ஒன்பதே கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. முதல் கேள்வியே எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதைப் பற்றித்தான். தூக்கம், களைப்பு, தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பது, மனம் குவியாதது என்று வரிசையாக வரும். நோயைத் தீர்மானிக்கும் தாள் அல்ல அது, ஆனால் மொத்தம் 27-இல் 10 வந்தாலே மருத்துவர் சும்மா விடமாட்டார். உன் கடிதத்தை வைத்து நான் போட்ட கணக்கு பத்தைத் தாண்டுகிறது.

ஒன்பதாவது கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். செத்துப்போனால் தேவலை என்று உனக்குத் தோன்றுகிறதா? உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா? கேட்டால் இல்லாத எண்ணம் கிளம்பிவிடும் என்று சொல்வார்கள், அப்படியெல்லாம் ஆகாது. ஆம் என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. இதைப் படித்த கையோடு போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி. நான் எடுப்பதற்குள் பொறுக்க முடியாது போலிருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ.

இல்லை என்றாலும் முதல் படி மருத்துவர்தான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பான், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிறகு தெரபிஸ்ட். மாத்திரை தேவை என்றால் மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார். தெரபிஸ்டிடம் முதல் நாளே 'என்ன முறை, எத்தனை வாரம், சரியாகிறது என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிடு. கேட்பது உன் உரிமை. சில தடவை போயும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைப் பார். எனக்கு முதலில் வாய்த்தவர் நான் பேசப் பேசக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த முறையானாலும், அந்த ஆளோடு நமக்குப் பிடிப்பு ஏற்படுவதைப் பொறுத்துப் பலன் நிறைய மாறும் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

உனக்கு எது இடிக்கிறது என்று தெரியும். கோச்சிடம் போகிறேன் என்றால் முன்னேறுகிற ஆள், தெரபிஸ்டிடம் போகிறேன் என்றால் உடைந்த ஆள். இதுதானே? கால் முறிந்தவன் ஓட்டப் பயிற்சியாளரைத் தேடிப் போவதில்லை, அவ்வளவுதான். தூக்கம் திரும்பட்டும், சிரிப்பு வரட்டும். அப்புறமும் புதிய நீ வேண்டுமென்றால் என் கோச் அம்மாவின் எண்ணை நானே தருகிறேன்.

கையைக் கட்டிய ஆளுக்கு இப்போதைக்கு முன்பணம் கட்டாதே. சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன், 'தூங்கிட்டேன்' என்ற கதையெல்லாம் வேண்டாம். மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்றா என்றுதான் முதலில் கேட்பேன். வாங்கவில்லை என்றால் நானே கிளம்பி வருகிறேன், வந்தால் ஒரு வாரம் தங்குவேன், என் குறட்டை உனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் கட்டில்காரன்

பி.கு.: கணக்குப்பிள்ளை உன்னைப் பற்றி விசாரித்தான். முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பார்த்தால் கொஞ்சம் குனிந்து நட.